பையனுக்கு எதற்கு இந்த ஊசி?

ரூபெல்லா வந்து இறந்துபோன பள்ளிப்பிள்ளை என்று யாரையும் எளிதில் காட்டிவிட முடியாது. நோய் அவ்வளவு சாது. லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் இளஞ்சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டுதல். மூன்று நாளில் எல்லாம் அடங்கிவிடும். தொற்றியவர்களில் கால்வாசி முதல் பாதிப்பேர் வரை தங்களுக்கு ஏதோ வந்துபோனது என்பதையே அறிய மாட்டார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் வேர்க்குரு என்பார். அல்லது வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டு மணல்வாரி என்று முடிவுகட்டுவார். எந்த முடிவாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

அப்படியானால் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதக் குழந்தை முதல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள் வரை சுமார் 1.76 கோடிப் பேருக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட அரசு ஏன் கிளம்பியது? தட்டம்மையைப் பற்றிக் கேள்வியே இல்லை. அது கொல்லும் நோய். ஆனால் அதே குப்பியில் இந்தச் சாதுவான ரூபெல்லாவுக்கும் ஏன் மருந்து? கருத்தரிக்கப்போகும் பெண்களுக்கு ஆபத்து என்கிறார்களே, சரி, ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குப் போடட்டும். பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு எதற்கு?

இது விவரமில்லாத பெற்றோரின் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் மருத்துவ வல்லுநர்கள் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, பையன்களுக்கு வேண்டாம் என்றே முடிவெடுத்தார்கள். அந்த முடிவின் விலை தெரியவர இருபது முப்பது ஆண்டுகள் ஆயின.

கதை சிட்னியில் தொடங்குகிறது. 1941-இல் அங்கே நார்மன் மெக்அலிஸ்டர் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் கண்புரையுடன் கைக்குழந்தைகள் வரத் தொடங்கினார்கள். பிறவிக் கண்புரை அடிக்கடி காணக்கூடியதல்ல. வந்த குழந்தைகளின் புரையோ ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தது: விழிவில்லையின் நடுவில் அடர்ந்த வெண்மை, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும். குழந்தைகள் எடை குறைந்திருந்தார்கள், பால் குடிக்கத் திணறினார்கள், பலருக்கு இதயத்திலும் கோளாறு. அன்றைய பாடப்புத்தகங்கள் இப்படிப்பட்ட குறைகளைப் பரம்பரைக் கணக்கில் எழுதின. ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை குடும்பங்களில், ஒரே பருவத்தில், பரம்பரை எப்படி வந்து குதிக்கும்?

கிரெக் மாதங்களைப் பின்னோக்கி எண்ணினார். குழந்தைகள் கருவில் இருந்த காலம் 1940. போருக்காக இளைஞர்கள் முகாம்களில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில்தான் ஆஸ்திரேலியா முழுக்க ஜெர்மன் தட்டம்மை பரவியிருந்தது. ரூபெல்லாவுக்கு அப்போது அந்தப் பெயர்தான். அவருடைய காத்திருப்பறையில் இரண்டு தாய்மார் தங்கள் கர்ப்பகாலக் காய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டது காதில் விழுந்ததாக ஒரு கதை உண்டு. அவர் அதற்குப் பின் செய்த வேலைதான் முக்கியம். தாய்மார்களிடம் கேட்டார். மற்ற கண் மருத்துவர்களுக்கும் எழுதி அவர்களிடம் வந்த குழந்தைகளையும் சேர்த்தார். அக்டோபர் 15 அன்று மெல்போர்னில் கண் மருத்துவர்கள் கூட்டத்தில் கட்டுரையை வாசித்தபோது அவர் கையில் 78 குழந்தைகளின் விவரம் இருந்தது. அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின்போது, அதுவும் பெரும்பாலும் தொடக்க மாதங்களில், ரூபெல்லா வந்திருந்தது.

உலகம் உடனே நம்பவில்லை. தாய்க்கு வரும் தொற்று கருவின் உறுப்புகளைக் குலைக்கும் என்பது அன்றைய மருத்துவத்துக்குப் புதிது. நஞ்சுக்கொடியைக் கடந்து எதுவும் போகாது என்ற நம்பிக்கை ஊறியிருந்தது. லண்டனின் ‘லான்செட்’ இதழ்கூட 1944-இல் சந்தேகத்தோடுதான் எழுதியது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர்களில் ஒருவர் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்காமல் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டியவர். ஆலிவர் லான்காஸ்டர் என்ற புள்ளியியலாளர், ஆஸ்திரேலியாவில் காது கேளாதோர் எந்தெந்த ஆண்டுகளில் பிறந்தவர்கள் என்று எண்ணிப் பார்த்தார். சில ஆண்டுகளில் மட்டும் எண்ணிக்கை எகிறியது, 1899 அவற்றில் ஒன்று. எகிறிய ஆண்டுகள் ரூபெல்லா பரவிய காலங்களை ஒட்டியே வந்தன. கிரெக் 1941-இல் கண்டது புதிய நோய்க்கூட்டம் இல்லை என்பதும், தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் இப்படிச் செவிடாகப் பிறந்துகொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. சிறந்த அறிவியல் கண்டுபிடிப்புகளில் இப்படிப்பட்ட கணக்குப்பிள்ளை வேலைக்கு உரிய பங்கை நாம் கொடுப்பதே இல்லை.

தாய்க்கு மூன்று நாள் தடிப்பாக முடிகிற வைரஸ் கருவை ஏன் இப்படிச் சிதைக்கிறது? எல்லாம் காலத்தைப் பொறுத்தது. தொற்று கண்ட தாயின் ரத்தத்தில் வைரஸ் சுற்றிவரும் சில நாட்களில் அது நஞ்சுக்கொடியைத் தொற்றி, அங்கிருந்து கருவுக்குள் இறங்குகிறது. முதல் மூன்று மாதங்களில் கரு தன் உறுப்புகளை அடித்தளமிட்டு எழுப்பிக்கொண்டிருக்கிறது. உயிரணுக்கள் குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கையில் பிரிந்தாக வேண்டும். ரூபெல்லா அந்த உயிரணுக்களை ஒரேயடியாகக் கொன்றுபோடுவதில்லை. பிரிவதைத் தாமதப்படுத்துகிறது, நுண்ணிய ரத்தக்குழாய்களைப் புண்ணாக்குகிறது. இதயத்தின் சுவர் மூட வேண்டிய வாரத்தில் மூடாது. உட்காதின் சுருள் வளர வேண்டிய அளவுக்கு வளராது. முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்குத் தொற்று வந்தால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 85 விழுக்காட்டுக்கு மேல் போகலாம். 16 வாரம் தாண்டினால் காது கேளாமை போன்ற ஒன்றோடு நிற்கும். 20 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை.

விழிவில்லை ஏன் இவ்வளவு எளிதில் சிக்குகிறது என்பது தனிக்கதை. மரத்தின் ஆண்டுவளையம்போல வில்லையும் பழைய இழைகளின் மேல் புதிய இழைகளை அடுக்கியே வளர்கிறது. பழையது எதுவும் கழிந்துபோவதில்லை. கருவின் ஆறாவது ஏழாவது வாரத்தில் உள்ளே புகுந்த வைரஸ் அந்த மைய இழைகளுக்குள்ளேயே பூட்டிக்கொண்டுவிடுகிறது. ரத்தக்குழாய் இல்லாத இடம் என்பதால் உடலின் எதிர்ப்பாற்றலும் அங்கே எளிதில் எட்டாது. குழந்தை பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆன பின்னும், கண்புரையை அறுத்தெடுக்கும்போது அந்த வில்லைக்குள் உயிருள்ள வைரஸ் இருக்கலாம். இப்படிப் பிறந்த குழந்தை ஓராண்டு வரைகூடச் சளியிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1990களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையோடு வந்த குழந்தைகளை மருத்துவர்கள் முறையாக ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினருக்குக் காரணம் ரூபெல்லா. அந்தத் தாய்மாரில் எத்தனையோ பேருக்குத் தங்களுக்குக் காய்ச்சல் வந்த நினைவே இருந்திருக்காது. நோய் சாதுவாக இருப்பதன் கொடுமை இதுதான்: தாய்க்கும் தெரியாது, பிரசவம் பார்த்தவருக்கும் தெரியாது, குழந்தை கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒருநாள் வீட்டில் யாரோ கவனிக்கும்வரை.

வைரஸ் பிடிபட்டது 1962-இல், அமெரிக்காவில், ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில். வால்ட்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் பார்க்மன் குழுவினர் புதிதாகப் படையில் சேர்ந்த இளைஞர்களின் தொண்டையிலிருந்து எடுத்தார்கள். ஹார்வர்டில் தாமஸ் வெல்லர் ரூபெல்லா கண்ட தன் பத்து வயது மகனின் சிறுநீரிலிருந்து எடுத்தார். தடுப்பூசி வருவதற்குள் வைரஸ் முந்திக்கொண்டது. 1964–65-இல் அமெரிக்காவில் ரூபெல்லா அலை அடித்தபோது 1.25 கோடிப் பேருக்குத் தொற்று என்று கணக்கிட்டார்கள். 20,000 குழந்தைகள் பிறவிக் கோளாறுகளோடு பிறந்தன. அவற்றில் 11,000-க்கு மேற்பட்டவற்றுக்குக் காது கேட்கவில்லை. அந்தத் தலைமுறைக்காகவே காது கேளாதோர் பள்ளிகளை விரிவாக்க வேண்டியிருந்தது.

அந்த அலையின் நடுவில் பிலடெல்பியாவின் விஸ்டார் நிலையத்தில் ஸ்டான்லி பிளாட்கின் வேலைசெய்துகொண்டிருந்தார். தொற்றின் காரணமாகக் கலைக்கப்பட்ட கருக்களில் 27ஆவதிலிருந்து அவர் பிரித்தெடுத்த வைரஸுக்கு ஆர்.ஏ. 27/3 என்று பெயர். அதை மனித உயிரணுக்களில் 30 பாகை வெப்பத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தார். 37 பாகை மனித உடம்பில் கொழித்த வைரஸ், குளிரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து குளிருக்கே பழகிப்போயிற்று. திரும்ப உடம்புக்குள் விட்டால் அதனால் பழைய வேகத்தில் பெருக முடியவில்லை. ஆனாலும் எதிர்ப்பாற்றலை எழுப்ப முடியாத அளவுக்கு அதன் முகம் மாறவில்லை. 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்ட ஊசியும் இதே வைரஸ்தான். ஒரு தவணையிலேயே நூற்றுக்கு 95 பேருக்கு மேல் எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது, நெடுங்காலம் நிற்கிறது.

மருந்து கிடைத்தாயிற்று. யாருக்குப் போடுவது? இங்கேதான் உலகம் இரண்டாகப் பிரிந்தது.

1969-இல் முதல் ரூபெல்லாத் தடுப்பூசிகளுக்கு ஒப்புதல் கிடைத்ததும் அமெரிக்கா ஆண், பெண் எல்லாச் சிறுபிள்ளைகளுக்கும் போடத் தொடங்கியது. வைரஸைக் கொண்டுவந்து வீட்டில் சேர்ப்பது சிறுபிள்ளைகள்தான். அவர்களிடமே நிறுத்திவிட்டால் கர்ப்பிணியை எட்டாது என்பது அவர்கள் கணக்கு. பிரிட்டன் 1970-இல் வேறு கணக்குப் போட்டது. 11 வயது முதல் 14 வயது வரையான பள்ளி மாணவிகளுக்கு மட்டும் போட்டால் போதும். சிறுவயதில் பெரும்பாலோருக்கு நோய் தானாகவே வந்து, ஆயுளுக்கும் காவல் கிடைத்துவிடுகிறது, அதைத் தடுப்பானேன்? தப்பிப்போன பெண்களை, தாயாகும் வயதுக்கு முன்னால், பள்ளி என்ற ஒரே கூரையின் கீழ் பிடித்துவிடலாம். ஊசியின் காவல் எத்தனை ஆண்டு நிற்கும் என்று தெரியாத அந்தக் காலத்தில், தேவைப்படும் வயதுக்கு நெருக்கமாகப் போடுவதும் புத்திசாலித்தனம்தான். ஆஸ்திரேலியாவும், 1977 முதல் ஜப்பானும் இதே வழியில் போயின. 

இந்த முடிவை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் அது கணிசமாகப் பலித்தது. ரூபெல்லாவால் குறையோடு பிறந்த குழந்தைகள் 1971–75-இல் ஆண்டுக்குச் சுமார் 50. 1986–90-இல் 20-க்குச் சற்று மேல். ரூபெல்லாவை அஞ்சிச் செய்த கருக்கலைப்புகள் ஆண்டுக்கு 750-லிருந்து 50-ஆகக் குறைந்தன. ஆனால் அந்த 20-ஐ அதற்குக் கீழே இறக்க முடியவில்லை. ஊசி போட வந்த அன்று பள்ளிக்கு வராத மாணவி, ஊசி போட்டும் பலிக்காத நூற்றில் ஐந்து பேர், வேறு நாட்டிலிருந்து குடியேறிய மணப்பெண் என்று காவலில்லாத சிலர் எப்போதும் இருந்தார்கள். அவர்களைச் சுற்றிலும் வைரஸ் முன்போலவே உலவியது, ஏனென்றால் பையன்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் யாரும் ஊசி போடவில்லை. காவலில்லாத தாய்க்கு நோயைக் கொண்டுவந்து கொடுத்தது பல நேரம் அவளுடைய மூத்த பிள்ளையே. 1988-இல் பிரிட்டன் வழியை மாற்றி எல்லாக் குழந்தைகளுக்கும் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைப் போடத் தொடங்கியது, 1996-இல் மாணவிகளுக்கான தனி ஊசியை நிறுத்திவிட்டது.

ஜப்பான் 1990களின் நடுவில் மாறியது, ஆனால் இடையில் விடுபட்ட ஆண்களை அப்படியே விட்டுவிட்டது. அவர்கள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், தோக்கியோவின் நெரிசல் ரயில்களில் பயணம் செய்தார்கள். 2012–13-இல் அங்கே ரூபெல்லா வெடித்தபோது 16,000 பேருக்கு மேல் தொற்று. பெரும்பாலானவர்கள் இருபது முதல் நாற்பதுகளில் இருந்த ஆண்கள். 45 குழந்தைகள் பிறவிக் கோளாறுகளோடு பிறந்தன. மாணவிகளுக்கு மட்டும் என்று 1977-இல் எடுத்த முடிவுக்கு, முப்பத்தைந்து ஆண்டு கழித்து வட்டியோடு வந்த கணக்கு அது. 2019-இல் ஜப்பான் அரசு 1962-க்கும் 1979-க்கும் இடையில் பிறந்த ஆண்களைத் தேடிப்பிடித்து இலவசமாகப் பரிசோதித்து ஊசி போட வேண்டியிருந்தது.

அப்படியானால் எல்லாச் சிறுபிள்ளைகளுக்கும் போட்டுவிட்டால் முடிந்ததா? அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ரூபெல்லா கண்ட ஒருவர், யாருக்கும் காவலில்லாத ஊரில், சராசரியாக ஆறு ஏழு பேருக்கு அதைக் கொடுப்பார். சங்கிலி அறுபட வேண்டுமானால் நூற்றுக்கு 85 பேருக்குக் காவல் இருக்க வேண்டும். அரைகுறையாகப் போட்டால் சங்கிலி அறுபடாது, மெதுவாகும். வைரஸ் குறைவாக உலவுவதால் ஊசி போடாத பிள்ளை ஐந்து வயதில் வாங்கியிருக்க வேண்டிய தொற்றை இருபது வயதில் வாங்கும். பெண்ணாக இருந்தால் அது கருத்தரிக்கும் வயது. கிரீஸ் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே 1975-லிருந்து எம்.எம்.ஆர். உண்டு, ஆனால் பல ஆண்டுகள் பாதிப்பிள்ளைகளுக்குக்கூடப் போகவில்லை. 1993-இல் வந்த அலையில் இளம்பெண்களே அதிகம் சிக்கினார்கள். 25 குழந்தைகள் பாதிக்கப்பட்டுப் பிறந்தன. ஊசியே இல்லாமல் இருந்ததைவிட அரைகுறை ஊசி மோசமாக முடியக்கூடிய வினோதமான நோய் இது.

2017-இல் இந்தியா எடுத்த முடிவில் பிரிட்டன், ஜப்பான், கிரீஸ் ஆகிய மூன்று நாட்டு அனுபவமும் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கான வழக்கமான ஊசியில் ரூபெல்லாவைச் சேர்க்கும் முன், 15 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும், ஆண் பெண் பார்க்காமல், ஒரே வீச்சில் போட்டுவிடுவது. வைரஸ் அதிகம் உலவும் வயது முழுவதையும் ஒரே நேரத்தில் அடைத்துவிட்டால் தொற்று மெல்ல மேல் வயதுக்கு நகர அதற்கு அவகாசம் கிடைக்காது. ஏற்கெனவே போட்டவர்களுக்கும் மறுபடி போட்டார்கள். காவல் உள்ளவருக்கு இன்னொரு தவணை தீங்கு செய்யாது, விசாரித்துப் பிரித்தெடுப்பதைவிட அது எளிது. தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகள் பரவி, பிள்ளைகளை அன்று பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. வதந்தியைப் பழிப்பது எளிது. இந்த ஊசி உண்மையில் யாருக்காக என்று முகாமுக்கு முன்னால் பெற்றோரிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதி வதந்தி எடுபட்டிருக்காது என்பது என் எண்ணம்.

இலங்கை இந்தப் பாதையில் நமக்கு முன்னே போய்விட்டது. அங்கே 1996-இல் பெண்களுக்கு ரூபெல்லா ஊசி தொடங்கியது. 2001-லிருந்து ஆண் பெண் குழந்தைகள் எல்லோருக்கும். 2020-இல் மாலத்தீவோடு சேர்த்து இலங்கையிலும் ரூபெல்லா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி, ஊசி போட வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு என்ன நேரும் என்று பார்க்கலாம். குப்பியில் இருப்பது உலர்ந்த தூள். போடும் நேரத்தில் அதற்கென உள்ள திரவத்தில் கரைப்பார்கள். கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. அரை மில்லி, மேல்கையில், தோலுக்குச் சற்றுக் கீழே. ஒருமுறை அழுத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்ச் என்பதால் இன்னொருவருக்குப் பயன்படுத்த முடியாது. முகாமாக இருந்தால் கட்டைவிரல் நகத்தில் மை வைப்பார்கள். பிறகு அரைமணி நேரம் உட்கார்த்திவைப்பார்கள். அந்த அரைமணி நேரத்துக்குக் காரணம் கடும் ஒவ்வாமை. பத்து லட்சத்தில் ஓரிருவருக்கு வரக்கூடியது, வந்தால் உடனே அட்ரினலின் கொடுக்க வேண்டும்.

அதைவிடப் பலமடங்கு அதிகமாக நடப்பது மயக்கம். வளரிளம் பருவத்தினருக்கே உரியது. பயம், காலையில் சாப்பிடாமல் வந்தது, முன்னால் நின்றவள் சாய்ந்ததைப் பார்த்தது என்று சங்கிலியாகப் பத்துப் பேர் சாய்வதுண்டு. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சரியாகும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வதும், ஊசி போடும் இடத்தை வரிசையின் கண்ணிலிருந்து மறைப்பதும் பாதியைத் தடுக்கும்.

கை அன்றைக்கும் மறுநாளும் வலிக்கும். பிறகு ஒரு வாரம் எதுவும் இருக்காது. அதன் பிறகு, ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்குக் காய்ச்சல் வரலாம், சிலருக்கு லேசான தடிப்பு. ஊசியை மறந்துபோன நேரத்தில் வருவதால்தான் பெற்றோர் குழம்புகிறார்கள். உள்ளே போன பலவீனமான வைரஸ் பெருகி, உடம்பு அதை எதிர்க்கும் காலம் அது. காய்ச்சலும் தடிப்பும் பெரும்பாலும் தட்டம்மைப் பங்கின் வேலை. ரூபெல்லாப் பங்கின் வேலை மூட்டுவலி. சிறுபிள்ளைகளுக்கு அரிது, வயதுவந்த பெண்களில் நான்கில் ஒருவருக்கு, ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், விரல்களிலும் முழங்காலிலும் சில நாள் வலி இருக்கலாம். பதினான்கு வயதுப் பெண் இடையில் எங்கோ இருப்பாள். தானே போய்விடும்.

மாதவிலக்கு நாளில் போடலாமா என்று பெண்பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள், போடலாம். சளி இருமல் தடையில்லை. வீட்டில் கர்ப்பிணி இருந்தாலும் பிள்ளைக்குப் போடலாம், போட்டவரிடமிருந்து அவருக்குப் பரவாது. கூடாதவர்கள் சிலரே: புற்றுநோய் மருந்தோ வேறு காரணமோ எதிர்ப்பாற்றலைக் குலைத்திருப்பவர்கள், ஜெலட்டினோ நியோமைசினோ கடுமையாக ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள். கர்ப்பம் தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்கள் உலகில் ஆயிரக்கணக்கில் உண்டு. தடுப்பூசி வைரஸால் குறையோடு பிறந்த குழந்தை ஒன்றுகூட அவர்களிடம் உறுதிப்படவில்லை. ஆகவே தெரியாமல் போட்டுவிட்டதற்காகக் கருவைக் கலைக்கச் சொல்லும் மருத்துவர் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

2017 முகாம் 15 வயதோடு நின்றது. அன்று அந்த வயதைத் தாண்டியிருந்தவர்கள், அதாவது 2002-க்கு முன் பிறந்தவர்கள், இன்று கல்யாணம் ஆனவர்களாகவோ கல்யாணத்துக்குக் காத்திருப்பவர்களாகவோ இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் நோய் வந்து காவல் கிடைத்திருக்கும். சிலருக்குக் கிடைத்திருக்காது, அது யார் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கருத்தரிக்கத் திட்டமிடும்போது ரூபெல்லா ஐ.ஜி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம். காவல் இல்லையென்றால் தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும் எம்.எம்.ஆர். ஒரு தவணை போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்டவருக்குப் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் முன் போட்டுவிடுவார்கள். தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையில்லை.